புழுவின் ஜீனும் மாமாவின் தீர்ப்பும்

அன்புள்ள ஐயா,

புழுவின் ஒரு ஜீனில் ஒரே எழுத்து மாறினால் நடத்தையே மாறிவிடும் என்று நீங்கள் எழுதியதைக் குடும்பப் புலனக் குழுவில் பகிர்ந்தேன். மாமா பிடித்துக்கொண்டார். என் தம்பி படிவம் நான்கு, அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூட்டாளிகளோடு சுற்றுகிறான். "தோட்டத்து ரத்தம், தாத்தால இருந்தே வருது, இப்ப சயின்ஸே சொல்லுது" என்று எல்லாரும் பார்க்க எழுதிவிட்டார். அம்மாவுக்கு மனசே சரியில்லை. என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள சகோதரி,

மாமா பாதிக் கதையை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். மீதி இதோ, அதே குழுவில் போடுங்கள்.

நான் எழுதிய புழுவின் பெயர் சி. எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளம், 302 நரம்பணுக்கள், அவ்வளவுதான் அதன் சொத்து. ஆய்வகத்தில் அகர் என்ற கூழ் பரப்பிய தட்டில் அதன் தீனியான பாக்டீரியாவைத் தடவி அதில் வளர்ப்பார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து வந்த வகை தட்டு முழுக்கப் பரவித் தனித்தனியாக மேயும். ஹவாயிலிருந்து வந்ததோ பாக்டீரியா தடிப்பாக இருக்கும் விளிம்புக்குப் போய் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் என்பிஆர்-1 என்ற ஜீனில் இருப்பதை 1998-ல் மரியோ டி போனோவும் கோர்னீலியா பார்க்மனும் காட்டினார்கள். ஜீனில் அந்த ஓர் எழுத்து மாறுவதால், அது செய்யும் புரதத்தின் 215-ஆவது இடத்தில் பிரிஸ்டல் வகைக்கு வேலின், ஹவாய் வகைக்கு ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டு) வருகிறது. நான் எழுதியது இவ்வளவுதான்.

சரி, ஏன் குவிகின்றன? கூட்டாளி மேல் பாசமா? 2004-ல் வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்லின. காற்றில் உள்ள 21% ஆக்சிஜன் இந்தப் புழுக்களுக்குப் பிடிப்பதில்லை. பாக்டீரியா அடர்ந்த விளிம்பில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அங்கே ஒதுங்குகின்றன. சுற்றியுள்ள காற்றில் ஆக்சிஜனைக் குறைத்துப் பாருங்கள், கூட்டம் கலைந்துவிடும். அதே புழு, அதே ஜீன், அதே எழுத்து! மதிய வெயிலில் செம்பனை மரத்தடியில் மாடுகள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்து "என்ன ஒற்றுமை" என்று நாம் சொன்னால் மாட்டுக்காரர் சிரிப்பார், அந்தக் கதைதான். ஜீன் மாற்றியது ஆக்சிஜன் எவ்வளவு உறுத்துகிறது என்பதை. தட்டில் என்ன நடக்கும் என்பதற்குக் காற்றையும் கேட்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது 2009-ல் தெரியவந்தது. தனியாக மேயும் அந்த பிரிஸ்டல் எழுத்து இயற்கையில் வந்ததே இல்லை, ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் உண்டானது. காட்டுப் புழுக்கள் குவிகிறவைதான். உலகமே 'சாதாரணப் புழு' என்று வைத்து ஆராய்ந்தது, தட்டு வாழ்க்கைக்குப் பழகிப்போன ஒன்றை.

பழ ஈக்களிலும் இப்படித்தான். மார்லா சோகோலோவ்ஸ்கி கனடாவில் கண்டுபிடித்த ஃபோரேஜிங் ஜீனின் ஒரு வகை இருந்தால் ஈயின் புழு தீனி மேல் நெடுந்தூரம் அலையும், இன்னொரு வகை இருந்தால் கிடைத்த இடத்திலேயே உட்கார்ந்து தின்னும். கொஞ்ச நேரம் பட்டினி போடுங்கள், அலைகிற புழுவும் உட்காருகிற புழுவைப் போல நடக்கத் தொடங்கும். பசி வந்தால் பிறவிக்குணமும் பறந்துபோகிறது.

மனிதருக்கு ஜீன் பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 302 நரம்பணுவில் ஓர் எழுத்து செய்கிற வேலையை நம்மிடம் ஓர் எழுத்து செய்வதில்லை. 2018-ல் 11 லட்சம் பேரை வைத்து, எத்தனை ஆண்டு படித்தார்கள் என்பதோடு சேர்ந்துவரும் எழுத்து மாற்றங்களை அவர்களின் டிஎன்ஏ-வில் தேடியதில் 1,271 கிடைத்தன, ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அந்த 11 லட்சமும் ஐரோப்பிய வம்சாவளியினர், அந்தக் கணக்கைச் சுங்கை சிப்புட்டுக்குத் தூக்கிவந்து ஒருவரை அளக்க முடியாது.

'தோட்டத்து ரத்தம்' என்று ஒன்று எங்கே இருக்கிறது? வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு சாதிகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களை ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், குடிவைத்தது சம்பளச் சீட்டு. தாத்தாவுக்குப் பொதுவாக இருந்தது லயம், வேலையை மேற்பார்த்த தண்டலின் அதிகாரம், ஆறாம் வகுப்போடு முடிந்த தோட்டப் பள்ளி. மாமாவும் அதே தாத்தாவின் பிள்ளைதானே, அவருக்கு மட்டும் அந்த ரத்தம் எப்படித் தப்பியது என்று மரியாதையாகவே கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. தம்பி ஏன் மட்டம் போடுகிறான் என்று அவனிடம் யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.