ஜவுளிக்கடையில் நாற்காலி எங்கே?

வணக்கம் அக்கா,

நான் பி.ஆர்க். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றை டிசைன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ப்ரோக்ராமிங் (கட்டடத்தில் என்னென்ன இடங்கள், எவ்வளவு பரப்பில் வேண்டும் என்று தீர்மானிப்பது), சைட் அனாலிசிஸ் (மனையை ஆராய்வது), பைலா (கட்டட விதிகள்) மூன்றுக்கும் தனித்தனி ஷீட் தர வேண்டும். ப்ரோக்ராமிங் ஷீட்டை இணையத்தில் கிடைத்த ஒரு ஏரியா ஸ்டேட்மென்ட்டை, அதாவது பரப்பளவுப் பட்டியலை வைத்து ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன். பைலாதான் உயிரை வாங்குகிறது. எஃப்.எஸ்.ஐ. (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு), செட்பேக் (கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடம்), படிக்கட்டு அகலம் என்று எண்களை உருப்போட்டே ஓய்ந்துபோகிறேன். செட்பேக் விட்டது போக மிஞ்சுகிற இடத்தில் என்னதான் கற்பனை செய்வது? விதிகள் படைப்பாற்றலைக் கொன்றுவிடும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். இந்த மூன்றில் எதை முதலில் ஊன்றிப் படிக்க வேண்டும்? நீங்கள் கட்டடங்களைப் பற்றி அடிக்கடி எழுதுவதால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் நூலகமோ விமான நிலையமோ வரைந்துகொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருப்பேனா தெரியவில்லை. ஜவுளிக்கடை என்று எழுதிவிட்டீர்கள். போன வாரம் சித்தியின் காலுக்கு இறுக்கமான அந்த மருத்துவ ஸ்டாக்கிங்ஸ் வாங்கப் போய்வந்ததிலிருந்து எனக்கு மண்டைக்குள் ஜவுளிக்கடைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் எண்கள். அவற்றை உருப்போடாதீர்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன, அப்புறம் பல முறை திருத்தியாயிற்று. இன்றைக்கு மனப்பாடம் செய்கிற எண், நீங்கள் பட்டம் வாங்குகிறபோது வேறாக இருக்கலாம். எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் ஒரு கிரவுண்டில், அதாவது 2400 சதுர அடியில், எல்லா மாடியும் சேர்த்து 4800 சதுர அடி. அவ்வளவுதான் கணக்கு. எந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடத் தெரிந்தால் போதும்.

சைட் அனாலிசிஸுக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஐப்பசி மழையில் ஒரு முறை, சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு ஒரு முறை மனையில் போய் நில்லுங்கள். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே தேங்கும் என்று கேளுங்கள். நிலத்தின் எல்லைகளை அளந்து வரைந்த புலப்படத்தை வாங்கி, மனையின் ஓரத்தில் பழைய வாய்க்கால் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். வடக்கு அம்புக்குறியை அழகாக வரைவதால் மட்டும் அது சைட் அனாலிசிஸ் ஆகிவிடாது.

இனி உங்களைத் திட்ட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ப்ரோக்ராமிங்கை ஒரே ராத்திரியில் முடித்தேன் என்று ஏதோ சாதனை போல எழுதியிருக்கிறீர்கள். யாரோ எந்த ஊருக்கோ போட்ட பட்டியலை எடுத்து அளவை மட்டும் மாற்றியிருப்பீர்கள். ஷோரூம், பில்லிங், டிரையல் ரூம், மேனேஜர் அறை, லிஃப்ட், பார்க்கிங், பூஜைக்கு ஒரு மாடம். சரியா? அந்தக் கடையில் நாள் முழுக்க இருக்கப்போகிறவர்கள் யார் என்று ஒரு வரியாவது அந்த ஷீட்டில் உண்டா? வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் இருப்பார், முதலாளி கல்லாவில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். காலை ஒன்பதரையிலிருந்து இரவு கடை சாத்துகிற வரைக்கும் இருப்பவர்கள் சேலை விரித்துக் காட்டுகிற பெண்கள்.

சித்தி அப்படி ஒருத்தியாக இருந்தவள்தான். எங்கள் ஊரின் பெரிய கடை, பெயர் வேண்டாம். பத்தொன்பது வயதில் சேர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகும் போய்க்கொண்டிருந்தாள். தீபாவளி சீசனில் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. முன்வாசல் வழியாக விடமாட்டார்கள், பின்பக்கச் சந்து வழியாகப் போய் இரும்புக் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே ஒரு படிக்கட்டு. பக்கத்துக்கு ஒரு வரிசை சேலை பேல்கள் மேல்மாடி வரை அடுக்கியிருக்கும், நடுவில் ஒரு ஆள் போகலாம். அந்தப் படிகளில் உட்கார்ந்துதான் அத்தனை பெண்களும் மடியில் தூக்குவாளியை வைத்துச் சாப்பிடுவார்கள், மேலே போகிறவர்களுக்குக் காலை மடக்கி வழிவிட்டபடியே. கழிப்பறை மொட்டை மாடியில், லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். அதனால் சித்தி பகலில் தண்ணீர் குடிக்கமாட்டாள். கேட்டால் "எதுக்கு வம்பு" என்பாள். இப்போது அவள் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு கிடக்கிறது.

அது என்ன படிக்கட்டு தெரியுமா? தீப்பிடித்தால் தப்பிக்க வேண்டிய படிக்கட்டு. வரைபடத்தில் அதன் அகலம் விதிப்படியே இருந்திருக்கும், அனுமதி கொடுத்தவர் அளந்துகூடப் பார்த்திருக்கலாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பு இந்த மாதிரி இடங்களுக்கு ஒன்றரை மீட்டர் அகலம் கேட்கிறது. நீங்களும் ஒன்றரை மீட்டர் போட்டிருப்பீர்கள், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் ஸ்டாக் வைக்க எவ்வளவு இடம் வேண்டும், இத்தனை பேர் எங்கே சாப்பிடுவார்கள் என்று ப்ரோக்ராமில் யாரும் கேட்கவில்லை என்றால், அந்தச் சரக்கும் அந்தச் சாப்பாடும் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? கட்டடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரே இடமான படிக்கட்டுக்குத்தான் போகும். நீங்கள் பைலா ஷீட்டில் காப்பாற்றிய விதியை உங்களுடைய ப்ரோக்ராமிங் ஷீட்டே கடை திறந்த முதல் மாதத்தில் உடைத்துவிடும். இரண்டையும் தனித்தனித் தாளில் வாங்குகிற உங்கள் கல்லூரியையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

உங்கள் சீனியர்களுக்கும் ஒன்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். சத்துணவு சமைக்கிற இடத்தில் பிடித்த தீ கூரை வேய்ந்த வகுப்பறைகளுக்குத் தாவியது, இறங்கக் குறுகலான படிக்கட்டு. ஒரே கட்டடத்தில் இத்தனை பிள்ளைகள், சமையல் எங்கே, இறங்குகிற வழி எங்கே என்பதுதான் அங்கே கேட்கப்படாத ப்ரோக்ராம். 2017 மே 31 அதிகாலை தி.நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை பற்றி எரிந்ததே, அதை முழுக்க அணைக்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. கடை திறந்திருக்கிற நேரமாக, அதுவும் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருந்தால்? செட்பேக் உங்கள் கற்பனையைத் தின்கிறது என்று புலம்புகிறீர்களே, தீயணைப்பு வண்டி அந்த இடத்தில்தான் வந்து நிற்க வேண்டும், அம்மா.

டெக்சாஸில் வில்லியம் பெனா என்றொரு ஆர்க்கிடெக்ட் இருந்தார். டிசைன் என்பது சிக்கலைத் தீர்ப்பது, ப்ரோக்ராமிங் என்பது சிக்கலைத் தேடுவது என்று பிரித்துச் சொன்னவர். நோக்கம், தகவல், கருத்து, தேவை எல்லாம் சேகரித்த பிறகு, கடைசியில்தான் சிக்கல் என்ன என்று எழுத வேண்டும் என்பது அவருடைய முறை. அவர் இருந்த நிறுவனத்துக்காரர்கள் கட்டடம் வரப்போகிற ஊரிலேயே டேரா போட்டு, அங்கே புழங்கப்போகிறவர்களைக் கேட்டுக் கேட்டு வரைவார்களாம். நம்மிடம் என்ன நடக்கிறது? காசு கொடுக்கிறவர் சொல்கிற பட்டியல்தான் ப்ரோக்ராம். அபார்ட்மென்ட்களையே பாருங்கள், நாலு படுக்கையறைக்கு அஞ்சு பாத்ரூம் இருக்கும், வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கும் வாட்ச்மேனுக்கும் கீழே ஒன்றுகூட இருக்காது. அதைச் சுட்டிக்காட்டினால் "கிளையன்ட் கேட்கல மேடம்" என்று பதில் வரும். கிளையன்ட் கேட்காததைக் கேட்கத்தானே உங்களை ஐந்து வருஷம் படிக்க வைக்கிறார்கள்?

கடைசியில் சட்டம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டது. 2018இல் கேரளம், பிறகு 2021 செப்டம்பரில் தமிழ்நாடு: கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஒரு நாற்காலிக்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது. அதற்குள் சித்தி வேலையிலிருந்தே நின்றுவிட்டாள். சட்டம் வந்த பிறகு கடை கடையாக முக்காலிகள் வந்தன. ஆனால் கவுன்டருக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டு அடிதான் விட்டுக் கட்டியிருக்கிறார்கள், அதில் முக்காலியைப் போட்டால் நடக்க வழியில்லை, அதனால் அது மடக்கி மூலையில் சாத்தியிருக்கிறது. நான் பார்த்த கடைகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. அந்த இரண்டு அடியை மூன்றரை அடியாக்குவது டிசைனரின் கையில்தான் இருக்கிறது, கட்டி முடித்த பிறகு எந்த அமைச்சராலும் அதை அகலப்படுத்த முடியாது.

எதை முதலில் படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா. ப்ரோக்ராமிங்கைத்தான். அந்த ப்ரோக்ராமிங் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்த வாரமே ஒரு ஜவுளிக்கடைக்குப் போங்கள். சாயங்காலக் கூட்டத்தில் போகாதீர்கள், பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். சேலை மடிக்கிற அக்காவிடம் எங்கே சாப்பிடுவீர்கள், பையை எங்கே வைப்பீர்கள், பாத்ரூம் எத்தனாவது மாடி, மாதவிலக்கு நாளில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். புளோர் சூப்பர்வைசர் முறைத்தால் ஒரு கர்சீப் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு பில் போட்டுக் கொடுக்கிறவரையும் நாலு கேள்வி கேட்கலாம்.