நிசேயாவில் நடந்ததும் நடக்காததும்

கேள்வி: கி.பி. 325இல் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் நிசேயாவில் மாநாடு கூட்டி, எண்பது சுவிசேஷங்களில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எரித்தார்; ஓட்டெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார்; 553இல் இன்னொரு மாநாடு மறுபிறவிக் கொள்கையை பைபிளிலிருந்து நீக்கியது என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. அப்படியானால் பைபிள் அரசாங்கம் தயாரித்த புத்தகம்தானே? இதை எழுத உங்கள் பத்திரிகைக்கு ஏன் தயக்கம்?
வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒரு தயக்கமும் இல்லை. நீங்கள் அனுப்பிய செய்தியில் பெரும்பகுதி பொய். கான்ஸ்டன்டைன் மீது சுமத்த வேண்டிய உண்மையான குற்றங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட அந்தச் செய்தியில் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நிசேயா சங்கம், அதாவது ஆயர்கள் கூடிய அந்த மாநாடு, இயற்றிய 20 விதிகள் இன்றும் கிடைக்கின்றன. தன்னைத்தானே விதையடித்துக்கொண்டவர் குருவாக இருக்கலாமா, குருமார் வட்டிக்குப் பணம் கொடுக்கலாமா, உபத்திரவத்தில் விசுவாசத்தை மறுதலித்தவர்களை எப்படித் திரும்பச் சேர்ப்பது, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் முழந்தாளிடலாமா என்பவைதான் அவற்றின் விஷயங்கள். இவை தவிர, நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் ஒரு விசுவாசப் பிரமாணமும், ஈஸ்டர் தேதி பற்றிய முடிவும், எகிப்துச் சபைக்கு எழுதிய கடிதமும் உண்டு. எந்த நூல் வேதம், எது வேதமில்லை என்ற பேச்சு இவை எதிலும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து வேத அறிஞர் ஜெரோம், யூதித்து என்ற நூலை நிசேயா சங்கம் வேதத்தில் சேர்த்து எண்ணியதாகப் படிக்கிறோம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினார். சங்கத்தின் சொந்த ஆவணங்களில் அதற்கு ஆதாரம் கிடையாது.

பிறகு இந்தக் கதை எங்கிருந்து வந்தது? 9ஆம் நூற்றாண்டின் கிரேக்கத் தொகுப்பு ஒன்றில் வருகிறது. எல்லா நூல்களையும் பீடத்தருகே வைத்து ஆயர்கள் ஜெபித்தார்களாம். மெய்யானவை மேலே வந்தனவாம், போலிகள் அடியில் போயினவாம். சங்கம் முடிந்து 500 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட கதை இது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேர் திருச்சபையைத் தாக்க இதை எடுத்துக்கொண்டார். 2003இல் வந்த ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவல், கான்ஸ்டன்டைனே சுவிசேஷங்களைப் பொறுக்கி எடுத்ததாக எழுதி உலகம் முழுக்கப் பரப்பியது. உங்கள் கைப்பேசிக்கு வந்திருப்பது அந்த நாவலின் சுருக்கம்.

நான்கு சுவிசேஷங்களுக்கு வருவோம். இன்றைய பிரான்ஸிலுள்ள லியோன் நகரின் ஆயர் இரேனியுஸ், 180 வாக்கில், சுவிசேஷம் நான்குதான், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று வாதாடினார். அவருக்குச் சற்று முன்பே தத்தியான் என்பவர் இந்த நான்கையும் பின்னி ஒரே நூலாக்கியிருந்தார். 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் பிரதி டப்ளின் நகரில் இருக்கிறது. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் பணியும் அதில் ஒரே புத்தகமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இவையெல்லாம் நடந்தபோது கான்ஸ்டன்டைன் ஆட்சிக்கு வரவில்லை. கிறிஸ்தவனாக இருப்பதே தலை போகும் குற்றமாக இருந்த காலம் அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். 180 ஜூலை 17ஆம் தேதி, வட ஆப்பிரிக்காவின் கார்தேஜ் நகரில் 12 கிறிஸ்தவர்கள் ரோம ஆளுநர் முன் நிறுத்தப்பட்டார்கள். உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஆளுநர் கேட்டார். ஸ்பெராட்டுஸ் என்பவர், புத்தகங்களும், பவுல் என்ற நீதிமானின் கடிதங்களும் என்று பதில் சொன்னார். அன்றைக்கே 12 பேரும் கொல்லப்பட்டார்கள். 303இல் பேரரசர் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களின் வேத நூல்களைக் கைப்பற்றி எரிக்க ஆணையிட்டார். உயிருக்குப் பயந்து நூல்களை ஒப்படைத்தவர்களை மற்றவர்கள் துரோகிகள் என்றார்கள். அந்தக் காயம் வட ஆப்பிரிக்கச் சபையை ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிளந்து வைத்தது. எதை ஒப்படைத்தால் துரோகம் என்று தெரிந்திருந்தால்தானே இந்தச் சண்டையே வரும்? சபைகளுக்கு அது பெருமளவு தெரிந்திருந்தது. அரசாங்கம் இந்தப் புத்தகங்களைத் தயாரிக்கவில்லை, எரித்தது. அவற்றுக்காக உயிரைவிட்ட எளிய மனிதர்களை ஒரு பார்வேர்டு செய்தி வரலாற்றிலிருந்து அழிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒதுக்கப்பட்ட சுவிசேஷங்கள் இல்லையா என்றால், உண்டு. தோமா பெயரில் ஒன்று 1945இல் எகிப்தின் நாக் அம்மாதியில் முழுதாகக் கிடைத்தது. பேதுரு பெயரில் இருந்த ஒன்றை எப்படி ஒதுக்கினார்கள் என்பதும் தெரியும். 200ஆம் ஆண்டை ஒட்டி, ரோசுஸ் என்ற ஊரார் அதை வாசித்துவந்தார்கள். அந்தியோக்கியா ஆயர் செராப்பியோன் முதலில் படிக்காமலேயே சரி என்றார். பிறகு வாங்கிப் படித்தார்; பெரும்பாலும் சரியாக இருக்கிறது, சில இடங்களில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதி அனுமதியைத் திரும்பப் பெற்றார். வாசிப்பு, சந்தேகம், கடிதப் போக்குவரத்து என்று ஊர் ஊராக நடந்த வேலை இது.

நிசேயாவோடு அது முடியவும் இல்லை. சங்கத்தில் உட்கார்ந்திருந்த செசரியா ஆயர் யூசேபியுஸே, யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் ஆகியவற்றைச் சிலர் ஏற்கவில்லை என்று தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். கான்ஸ்டன்டைன் அவரிடம் 50 பைபிள் பிரதிகள் எழுதித் தரச் சொன்னது உண்மை. எந்தெந்த நூல்களைச் சேர்க்க வேண்டும் என்ற பட்டியல் அந்தக் கடிதத்தில் இல்லை. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க பைபிள் பிரதியான சினாய் கைப்பிரதியில் பர்னபாவின் கடிதமும், எர்மாவின் ‘மேய்ப்பர்’ என்ற நூலும்கூட இருக்கின்றன. இன்றுள்ள அதே 27 புதிய ஏற்பாட்டு நூல்களை வரிசைப்படுத்தி நமக்குக் கிடைக்கும் முதல் பட்டியல், 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய ஈஸ்டர் கடிதம். 393இல் இப்போ என்ற நகரிலும் 397இல் கார்தேஜிலும் கூடிய சங்கங்கள் அதே 27ஐ ஏற்றன. அவை ஆப்பிரிக்க ஆயர்களின் வட்டாரக் கூட்டங்கள். உலகத் திருச்சபைக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவற்றுக்குக் கிடையாது. சிரியாவின் பழைய பெஷித்தா மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாட்டு நூல்கள் 22தான். எத்தியோப்பியத் திருச்சபையின் பைபிளில் மொத்தம் 81. கத்தோலிக்கத் திருச்சபை தன் பட்டியலை ஏற்காதவர்களுக்குச் சாபம் வைத்து முடிவாக அறிவித்தது 1546இல், திரெந்து சங்கத்தில். இதற்கு வெகுதூரம் போகவே வேண்டாம். உங்கள் திண்டுக்கல்லிலேயே கத்தோலிக்கர் கையில் இருக்கும் விவிலியத்தில் 73 நூல்கள், சி.எஸ்.ஐ. சபையார் கையில் இருக்கும் வேதாகமத்தில் 66. ஒரு சக்கரவர்த்தி ஒரே நாளில் தீர்த்து வைத்த விஷயமென்றால் இந்த வேறுபாடு எப்படி வரும்?

இனி ஓட்டெடுப்பு. நிசேயாவில் வாதம், இயேசு மனிதரா கடவுளா என்பதல்ல. அலெக்சாந்திரியா குரு ஆரியுஸும் இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. காலத்துக்கு முன்பே கடவுளால் படைக்கப்பட்டவர், எல்லாப் படைப்புக்கும் மேலானவர், ஆனால் படைக்கப்பட்டவர்தான் என்றார். எதிர்த்தரப்பு, படைக்கப்பட்டவரல்ல, தந்தையின் அதே இயல்பில் என்றும் இருப்பவர் என்றது. கிறிஸ்துவைத் தொழுவது இரு தரப்புக்கும் பொது. அதற்கு 200 ஆண்டுகள் முன்பே, 112 வாக்கில், ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று புகார் செய்திருக்கிறார். கடைசிவரை கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இரண்டு பேர், லிபியாவிலிருந்து வந்தவர்கள்.

அந்த இரண்டு பேருக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நான் எதிர்பார்த்த கேள்வி அது. ஆரியுஸோடு சேர்த்து அவர்களும் நாடுகடத்தப்பட்டார்கள். ஆரியுஸின் எழுத்துகளை எரிக்க வேண்டும், ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை என்று கான்ஸ்டன்டைன் ஆணையிட்டார். சங்கத்தைக் கூட்டியதும், அரசுச் செலவில் ஆயர்களை வரவழைத்ததும், பிரமாணத்தில், தந்தையும் மகனும் ஒரே இயல்புடையவர்கள் என்று பொருள்படும், பைபிளில் இல்லாத ஒரு கிரேக்கத் தத்துவச் சொல்லைச் சேர்க்க ஆதரவு தந்ததும் அவர்தான். பிற்பாடு வேறு சில கிறிஸ்தவக் குழுக்களின் கூட்ட இடங்களைப் பறிமுதல் செய்யவும் சட்டம் போட்டார். அவர்களுடைய புத்தகங்களைத் தேடி எடுத்ததாக யூசேபியுஸ் பாராட்டாகவே எழுதுகிறார். நேற்றுவரை புத்தகத்துக்காகச் செத்தவர்கள், மற்றவன் புத்தகம் எரிவதைக் கைகட்டிப் பார்த்தார்கள். இதை எந்த விசுவாசியும் மழுப்பக் கூடாது. முதல் நாளிலிருந்தே எல்லாச் சபைகளும் ஒரே வார்த்தையில் ஒரே கொள்கையைச் சொல்லிவந்தன என்று பிரசங்கிப்பவர்களும் உங்கள் வாட்ஸ்ஆப் செய்தி அளவுக்கே வரலாற்றைக் கெடுக்கிறார்கள்.

ஆனாலும் அரச பலம் கொள்கையைத் தீர்மானித்துவிட்டது என்று முடிவுகட்டினால், அடுத்த 56 ஆண்டுகள் குறுக்கே நிற்கும். சில ஆண்டுகளிலேயே கான்ஸ்டன்டைன் மனம் மாறி ஆரியுஸைத் திரும்ப அழைத்தார். 335இல் நிசேயாவின் வீரராகிய அத்தனாசியுஸை நாடுகடத்தினார். 337இல் மரணப் படுக்கையில் அவர் ஞானஸ்நானம் பெற்றதே ஆரியுஸின் நண்பரான நிக்கோமேதியா ஆயரிடம். மகன் இரண்டாம் கான்ஸ்டன்டியுஸ் வெளிப்படையாகவே மறுதரப்பு. 359இல் மேற்கிலும் கிழக்கிலுமாக இரண்டு சங்கங்களைக் கூட்டி, நெருக்கி, நிசேயாவின் அந்தக் கிரேக்கச் சொல்லைக் கைவிட வைத்தார். அத்தனாசியுஸ் நான்கு பேரரசர்கள் காலத்தில் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அரண்மனை ஆசைப்பட்டதுதான் கொள்கை என்றால் இன்று உலகமெல்லாம் ஆரியுஸின் பிரமாணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தில் நிசேயாதான் வென்றது. அப்போதும் ஒரு பேரரசர், தியோடோசியுஸ், பின்னால் நின்றார் என்பது மெய். அவர் வருமுன் அரசை எதிர்த்துத் தாங்கியவர்கள் இருந்ததால்தான் ஆதரிக்க அவருக்கு ஒரு தரப்பு மிஞ்சியிருந்தது. 451இல் கிறிஸ்துவின் இயல்பு பற்றிக் கல்சேதோன் சங்கம் எடுத்த முடிவை ஏற்காமல் எகிப்தும் சிரியாவின் பெரும்பகுதியும் பின்னர் ஆர்மேனியாவும் பிரிந்தே போயின. கேரளத்தின் யாக்கோபாயரும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இன்றுவரை அந்த ஏற்காத தரப்பில்தான் இருக்கிறார்கள்.

கடைசியாக மறுபிறவி. 553இல் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் கண்டிக்கப்பட்டவர், 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிஜன். அவர் பெயரால் வழங்கிய கருத்துகளில் முக்கியமானது, உடல் உண்டாகுமுன்பே ஆன்மா இருந்தது என்பது. உடல்விட்டு உடல் மாறிப் பிறப்பதை ஓரிஜனே மத்தேயு சுவிசேஷத்துக்கு எழுதிய உரையில், எலியாவும் யோவானும் வரும் இடத்தில், வெளிப்படையாக மறுக்கிறார். பைபிளிலிருந்து வசனங்களை எடுத்துவிட்டார்கள் என்றால் அதைக் கண்டுபிடிப்பது எளிது: வத்திக்கான் கைப்பிரதி என்ற பழைய பைபிள் பிரதியும் சினாய் கைப்பிரதியும் அந்தச் சங்கத்துக்கு 200 ஆண்டுகள் மூத்தவை, இரண்டும் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. மறுபிறவி சொல்லும் வசனம் அவற்றில் இல்லை.

553இல் உண்மையிலேயே தொலைந்தது ஓரிஜனின் சொந்த எழுத்து. கிறிஸ்தவ உலகின் முதல் பெரும் வேத அறிஞர் அவர். 250 வாக்கில், தேசியுஸ் பேரரசரின் உபத்திரவத்தில் சிறையில் சித்திரவதைப்பட்டும் மறுதலிக்காமல், சில ஆண்டுகளில் இறந்தவர். 300 ஆண்டுகள் கழித்து அவர் நம்பிய திருச்சபையே அவரைச் சபித்தது. அதன் பிறகு அவருடைய நூல்களைப் படியெடுக்க ஆளில்லாமல் போனது. அவருடைய முதன்மையான இறையியல் நூலின் கிரேக்க மூலத்தில் பெரும்பகுதி இன்று இல்லை, நாம் படிப்பது ருஃபினுஸ் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பைத்தான்.