மனநல மருத்துவர் பதில்கள்: எந்தக் கன்னத்தில் அறைகிறான்?

கேள்வி: என் மகனுக்கு வயது 19. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. நாலைந்து சொற்கள்தான் பேசுவான். இரண்டு மாதமாகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். இரவில் தூக்கமில்லை. ரிஸ்பெரிடோன் என்னும் மனநோய் மாத்திரை கொடுத்தார்கள். பகலெல்லாம் சுருண்டு படுத்திருக்கிறான், எடையும் ஏறிவிட்டது. மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அத்தை மகனைக் கட்டியதால் வந்த வினை என்கிறார்கள் உறவினர்கள். மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் இது. செய்யலாமா?
– ஒரு தாய், காசிமேடு

பதில்: அம்மா, பரிசோதனை இருக்கட்டும். முதலில் ஒரு டார்ச் விளக்கை எடுத்து மகனின் வாய்க்குள் பாருங்கள். எந்தக் கன்னத்தில் அறைகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. எப்போதும் ஒரே பக்கமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் இளைஞனை என்னிடம் அழைத்து வந்தார்கள். இடது கன்னம் கன்றிப்போயிருந்தது. ஏற்கெனவே இரண்டு வகை மாத்திரைகள். கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. "சோற்றை வலப்பக்கமே ஒதுக்கி மென்றான், அடம் என்று நினைத்தோம்" என்று அழுதார் அவன் தாய். பல்லை எடுத்த சில நாட்களில் அந்தக் கை கீழே இறங்கிவிட்டது.

சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் கைதான் வாய். பல், காது, மலச்சிக்கல், வலிப்பு எல்லாவற்றையும் பார்த்த பிறகே மனநோய் என்று முடிவுகட்ட வேண்டும். எங்கள் துறையிலேயே இதில் தவறுகிறோம் என்பது எனக்குத் தீராத வருத்தம். ரிஸ்பெரிடோன் எடையைக் கூட்டும்; சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இனி மரபணு. பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று ஃப்ராஜைல் எக்ஸ் என்னும் மரபணுக் கோளாறு. அதற்குரிய எஃப்.எம்.ஆர்.1 மரபணுவை 1991இல் கண்டறிந்தார்கள். அதில் சி.ஜி.ஜி. என்னும் எழுத்துக்கூட்டு 200 தடவைக்கு மேல் அடுக்கிக்கொண்டே போனால் மரபணு வேலை செய்யாமல் அடங்கிப்போகும். சாதாரண குரோமோசோம் பரிசோதனையில் இது தப்பிவிடும். தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் இது வரும். சொந்தத் திருமணத்தால் கூடும் மரபணுக் கோளாறுகள் வேறு உண்டு. எது என்று பரிசோதனைதான் சொல்லும், உறவினர்கள் அல்ல. எதுவானாலும் அது நீங்கள் செய்த குற்றமில்லை, அம்மா.

பரிசோதனை முடிவால் மகனுக்கு மாத்திரை பெரும்பாலும் மாறிவிடாது. ஆனால் ஃப்ராஜைல் எக்ஸ் என்று தெரிந்தால், தாய் வழியாக மகளுக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் போகலாம். அதனால் மரபணு ஆலோசனைக்குப் போகும்போது அவளையும் அழைத்துச் செல்லுங்கள். கேட்க வேண்டியதை அவளே கேட்கட்டும்.