காப்பிக் கொட்டை வெளியே கரி, உள்ளே புளிப்பு

கேள்வி: அக்கா, ஜொகூர் சித்தப்பா இரண்டு கிலோ லிபெரிக்கா வகைக் காப்பியின் பச்சைக் கொட்டை கொண்டுவந்து கொடுத்தார். அரைக் கிலோவைக் குவாலியில் (வாணலியில்) கொட்டிப் பெரிய நெருப்பில் வறுத்தேன். ஆறே நிமிடத்தில் கறுத்துவிட்டது. கடித்தால் உள்ளே வெளுப்பு, காப்பியும் புளிக்கிறது. கடையில் குடிக்கும் பால் சேர்க்காத கோப்பி ஓ மாதிரி கறுப்பாக வரணும் என்கிறார் மாமியார். எங்கே தப்பு?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தப்பு நெருப்பில் பாதி, மாமியார் ஆசையில் பாதி, தங்கச்சி. (இந்தப் பக்கத்தை அவரிடம் காட்ட வேண்டாம்.)

கடைக் காப்பியின் கறுப்பு வெறும் கொட்டையின் நிறம் இல்லை. வறுத்து முடிக்கும் நேரத்தில் சீனியும் மார்ஜரினும் போட்டுக் கிண்டுவார்கள். சீனி பாகாகிக் கருகி, கொட்டைமேல் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சீனி இல்லாமல் அந்தக் கறுப்பைப் பிடிக்கப் போனால் கொட்டைதான் கரியாகும்.

லிபெரிக்கா பெரிய கொட்டை, அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. (ரப்பருக்கு முன்னால், 1890களில் சிலாங்கூர்த் தோட்டங்களில் நட்டதும் பெரும்பாலும் இதைத்தான்.) அவசர நெருப்பு அதற்கு ஆகாது. 200 கிராமுக்கு மேல் போடாதீர்கள். மிதமான நெருப்பு, மர அகப்பை, கை நிற்கவே கூடாது. முதலில் பச்சைப்புல் வாசம் வரும். அப்புறம் மஞ்சளாகி ரொட்டி சுடுகிற வாசம். பழுப்பேறும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சோளம் பொரிகிற மாதிரி பட் பட்டென்று வெடிக்கும். உள்ளே அடைபட்ட ஆவி கொட்டையை உடைத்துக்கொண்டு வருகிற சத்தம் அது. கொட்டையின் சூடு அப்போது 200 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். என் குவாலியில் இதற்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். வெடிப்பு அடங்கிய பிறகு ஒன்றிரண்டு நிமிடம் விட்டு இறக்கினால் புளிப்பு குறையும். மறுபடி சன்னமாக நெறுநெறுவென்று கேட்டால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள்.

குவாலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் இன்னும் வறுபடும். முறத்தில் கொட்டி ஐந்து நிமிடத்துக்குள் ஆற்றுங்கள். முதல்முறை நான் வீட்டுக்குள் மின்விசிறியைப் போட்டு ஆற்றினேன். சாமி மேடை, சோற்றுப் பானை, எங்கே பார்த்தாலும் உமி! இப்போதெல்லாம் வாசலில்தான், அதுவும் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு.

200 கிராம் போட்டால் 170 கிராம் அளவில்தான் மிஞ்சும். ஈரம் போன கணக்கு அது. அன்றைக்கே அரைக்காமல் ஒரு நாள் விடுங்கள். மிச்சப் பச்சைக் கொட்டையை இறுக்கமான டப்பாவில் போடுங்கள், நம் ஊர் மழைக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.

சரி, மாமியாருக்கு: இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் இரண்டு கரண்டி சீனி, கொஞ்சம் மார்ஜரின். சூடு ஆறுவதற்குள் கொட்டைகளைப் பிரித்துவிடுங்கள். குவாலியை உடனே சுடுதண்ணீரில் ஊறப் போடுங்கள். காய்ந்துவிட்டால் உளிதான் தேடணும்.