பொம்மை தூக்கும் மெசின்: பிழை யாரில்?

கேள்வி: வவுனியாவில் ஒரு கடை வாசலில் நின்ற பொம்மை தூக்கும் மெசினில் என் ஒன்பது வயது மகன் விளையாடினான். இரும்புக் கை கரடிப் பொம்மையைப் பிடித்துத் தூக்குகிறது, மேலே போனதும் நழுவ விடுகிறது. பெருநாள் காசு முழுக்க முடிந்து, "எனக்குக் கெட்டித்தனம் காணாதம்மா" என்று அழுகிறான். பிழை அவனிலா, மெசினிலா அண்ணா?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: அவனில் ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி. முதலில் இதை அவனுக்குச் சொல்லிவிடுங்கள். கிளிநொச்சியில் நான் ரேடியோவும் மோட்டரும் திருத்துகிற மேசைக்கு இந்த மெசின்களும் வருவதுண்டு. கழற்றிப் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

உள்ளே மூன்று மோட்டர்கள். முன்னும் பின்னும் நகர்த்த ஒன்று, இடம் வலம் நகர்த்த ஒன்று, கையை இறக்கி ஏற்ற ஒன்று. உங்கள் மகனின் வசம் இருப்பது அவ்வளவுதான். விரல்களை மூடுவது வேறொன்று. கையின் தலைக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. கரண்ட் பாய்ந்ததும் அது காந்தமாகி நடுவிலுள்ள இரும்புத் தண்டை இழுக்கும், விரல்கள் மூடும். வோல்ட் கூடினால் பிடி இறுகும், குறைந்தால் இளகும். எவ்வளவு வோல்ட் என்பதை உரிமையாளர் பூட்டிவைத்த பெட்டிக்குள் இருக்கிற மின்சுற்றுப் பலகையில் முன்கூட்டியே வைத்துவிடலாம். தூக்கும்போது இறுக்கம், மேலே போனதும் தளர்வு என்று பிரித்தும் வைக்கலாம். பிள்ளை கண்டது அதைத்தான்.

பல மெசின்களில் "இத்தனை ஆட்டத்துக்கு ஒரு முறை முழுப்பிடி" என்றும் வைக்க வழியுண்டு. ஒரு ஆட்டம் 100 ரூபா, பொம்மையின் அடக்கவிலை 600 ரூபா என்று வையுங்கள். போட்ட காசு இரட்டிப்பாக வரவேண்டுமென்றால் 12 ஆட்டத்துக்கு ஒரு பொம்மை. மற்றப் பதினொரு ஆட்டத்திலும் எவ்வளவு நேராக இறக்கினாலும் பெரும்பாலும் நழுவும். இதைப் பிள்ளையின் கெட்டித்தனக் குறைவாகக் காட்டுவது எனக்குப் பொறுக்காது.

கைத்திறனுக்கு இடமே இல்லை என்றல்ல. பொம்மை விழும் வாய்க்குப் பக்கத்தில் தளர்வாகக் கிடப்பதைக் குறிவைக்கலாம். நெருக்கி அடைத்திருப்பது அசையாது. அடுத்த முறை மற்றவர்கள் விளையாடுவதைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள். மேலே போனதும் விரல்கள் இளகினால் காசு போட வேண்டாம்.

கேள்வி: கடைக்கு இப்படி ஒரு மெசின் வாங்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு கடைக்காரர், மல்லாவி

பதில்: எர்த்தை, அதாவது கரண்ட் கசிந்தால் அதை நிலத்துக்குக் கொண்டுபோகிற கம்பியைத்தான் முதலில் பாருங்கள், தம்பி. ஐஸ்பழம் பிடித்த ஈரக்கையோடு பிள்ளைகள் தொடுகிற இரும்புப் பெட்டி அது. அடுத்தது எங்கள் செம்புழுதி. கை நகர்ந்து ஓடும் தண்டவாளத்திலும் சுருளுக்குள் ஓடும் தண்டிலும் படிந்தால் கை சிக்கும், விரல்கள் முழுதாக மூடாது. அடிக்கடி துடையுங்கள்.

பிடியைப் பொம்மையின் பாரத்துக்கு ஏற்றபடி வையுங்கள். ஜப்பானில் 1985இல் சேகா கொம்பனி "யூஎஃப்ஓ கேட்சர்" என்று கொண்டுவந்த பிறகு இந்த விளையாட்டு பெரிதாகப் பரவியது. அங்கே பல கடைகளில், ஒருவர் திணறினால் வேலையாளே கண்ணாடியைத் திறந்து பரிசை வாய்க்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கிறார். திறப்பு உங்கள் கையிலும் இருக்கும். ஒரு பிள்ளை நாலைந்து முறை தோற்றால் நீங்களும் திறந்து நகர்த்தி வையுங்கள்.