போனில் பதிலை அழுத்து தம்பி, பயப்படாதே

தம்பி, ஊர் பாலக்காடு பக்கம் வேலந்தாவளம் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நானும் அதே பக்கம், கொழிஞ்சாம்பாறைக்காரன், இங்கிலாந்து வந்து 14 வருடம் ஆகிறது, இப்போது பாடம் நடத்துகிறேன். நீ கேட்டது இதுதானே: லெக்சரில் கால்மணிக்கு ஒரு தடவை திரையில் கியூஆர் கோடு போட்டு போனில் பதில் அழுத்தச் சொல்கிறார்கள், தப்பானால் பெயர் தெரியுமா, மார்க் போகுமா, பயத்தில் அழுத்தாமலே இருந்துவிடுகிறேன் என்று.

மென்டிமீட்டர், ஸ்லைடோ மாதிரி கேள்வி-பதில் தளம் ஒன்றில் பெயரோ லாகினோ கேட்காமல் உள்ளே விட்டால் ஆசிரியருக்குப் போவது உன் பதில் மட்டும்தான். பல்கலைக்கழகக் கணக்கில் லாகின் செய்யச் சொன்னாலோ, கிளிக்கர் என்று ஒரு சின்னக் கருவியை உன் பெயரில் பதிந்து கொடுத்தாலோ பெயர் தெரியும், சில பாடங்களில் அதற்கு மார்க்கும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் நேராகவே கேள், இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உன் பயம் எனக்குத் தெரியும். பத்தாவது வரை தமிழ் மீடியம், பிளஸ் டூவில் புத்தகம் ஆங்கிலம், சார் விளக்குவது மலையாளம். "மனசிலாயோ?" என்று கேட்பார், வகுப்பே "மனசிலாயி" என்று சொல்லும், நானும் சொல்வேன். என் மலையாளத்துக்கு யாராவது சிரித்துவிடுவார்களோ என்று இரண்டு வருடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. இங்கே வந்த பிறகு ஆங்கிலத்திலும் அதே ஊமைத்தனம். அப்புறம் ஒரு நாள், இருநூறு பேர் உட்கார்ந்த ஹாலில், கை நடுங்க 'பி' என்று அழுத்தினேன். திரையில் விடைக்கு ஒன்றாக நான்கு கம்பிகள் மெல்ல உயர்ந்தன, பி கிட்டத்தட்ட பாதி உயரத்துக்குப் போய் நின்றது. தப்பான விடை. பாதி ஹால் என்னோடு சேர்ந்து தப்பு. பாடம் நடத்திய அம்மா யாரையும் கடிந்துகொள்ளவில்லை, "இதை நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது" என்று முதலில் இருந்து தொடங்கினார்.

அந்தக் கம்பிகள் காட்டுவது பெரும்பாலும் பாடம் நடத்தியவர் எங்கே விட்டார் என்பதைத்தான். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991-ல் தொடங்கிய முறை இதற்கு நல்ல உதாரணம். முதலில் தனியாக யோசித்துப் பதில் சொல்ல வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி சொல்ல வேண்டும். எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டால் வாதாட ஒன்றும் இல்லை, பலரும் தடுமாறும் கேள்விதான் அவருக்கு வேண்டும். ஆகவே உன் தப்பான பதிலும் அங்கே தேவை. பக்கத்துப் பையனிடம் திரும்பிப் பேசச் சொல்லும்போது பேசு, எனக்கு ஆங்கிலம் வாயில் வந்தது அந்த இரண்டு இரண்டு நிமிடங்களில்தான்.

அடுத்த டெர்மில் உன்னையே டுடோரியல் வகுப்பு நடத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அங்கே நீ இப்படிக் கேள்வி போட்டால், எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற எண்ணை வைத்து யார் கவனிக்கிறார்கள் என்று முடிவு கட்டாதே. வைஃபை கிடைக்காதவன், சார்ஜ் இல்லாதவன், உன்னை மாதிரி பயந்தவன் எல்லோரும் அந்த விடுபட்ட கணக்கில்தான் இருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று கேள்வி போதும். பதில் வந்தபின் அதைப் பற்றிப் பேசாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போவதானால் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருக்கலாம்.

போன விடுமுறையில் ஊரில் ஆறாம் வகுப்பு எடுக்கும் சிநேகிதனுக்கு பிளிக்கர்ஸ் என்ற ஆப்பைக் காட்டிக்கொடுத்தேன். பிள்ளைகளிடம் போன் வேண்டாம், ஆளுக்கு ஒரு அட்டை, அதை எந்தப் பக்கம் மேலே வைத்துப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை, சார் தன் போன் கேமராவைக் காட்டினால் எல்லாம் பதிவாகிவிடும். அட்டைக்கு அட்டை வடிவம் வேறு, அதனால் பக்கத்தில் பார்த்துக் காப்பி அடிப்பதும் சுலபமில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பெண், அட்டையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, முகம் மறைய உயர்த்திப் பிடித்தாள். சரியான விடை. சிநேகிதன் சொன்னான், அந்தப் பிள்ளை ஜூனிலிருந்து வகுப்பில் வாயே திறந்ததில்லையாம்.