பம்ப்செட் ஸ்டார்ட்டர் போர்டில் எஸ்.எம்.டி. பாகம் போனால் கையால் மாற்ற முடியுமா, போர்டையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் கையாலேயே மாற்றலாம். எஸ்.எம்.டி. என்றால் ஓட்டை இல்லாமல் போர்டின் மேலேயே பற்றவைக்கிற பொடிப் பாகம். மன்னார்குடி பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே போர்வெல்லை நம்பி நாற்று விடுகிறவர்களின் போர்டுகள் வந்து குவியும். “இவ்வளவு பொடிசா இருக்கே தம்பி, தூக்கிப் போட வேண்டியதுதானா?” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

எல்லாமே பொடிசு இல்லை. ரிலே, டிரான்ஸ்பார்மர், டெர்மினல் எல்லாம் இன்னமும் ஓட்டை வழியே கால் இறக்கிப் பற்றவைத்தவைதான். ஒயரை முறுக்கி இழுக்கிற இடத்தில் மேலோட்டமாக ஒட்டியிருந்தால் பேட்டோடு, அதாவது பற்றவைக்கிற செம்புத் திட்டோடு, பெயர்ந்து வரும். ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஐ.சி. இவைதான் எஸ்.எம்.டி. இந்த போர்டுகளில் அதிகம் பார்க்கும் 0805 அளவு 2 மி.மீ. நீளம், 1.25 மி.மீ. அகலம். ஒரு பேட்டில் மட்டும் கொஞ்சம் சால்டர் வையுங்கள். பாகத்தை ட்வீசரில் பிடித்து, அந்த சால்டரை உருக்கி உட்கார வைத்துவிட்டு, அப்புறம் மறுபக்கம் பற்றவையுங்கள். சால்டர் நன்றாகப் பிடிக்கத் தடவுகிற பிளக்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கழற்றுவதுதான் சிரமம். தொழிற்சாலையில் காரீயம் இல்லாத சால்டர் பேஸ்ட் போட்டிருந்தால் அது உருக 217 டிகிரியாவது வேண்டும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பழைய 63/37 சால்டர் 183-லேயே உருகும். அதைக் கொஞ்சம் ஜாயின்ட்டில் கலந்துவிட்டால் உருகுநிலை இறங்கி, பாகம் சண்டை போடாமல் வந்துவிடும். வயிற்றுக்கு அடியில் பேட் உள்ள ஐ.சி.க்கு சூடான காற்று அடிக்கிற ஹாட் ஏர் மெஷின் இல்லாமல் முடியாது.

பழுது எங்கே? நான் முதலில் பார்ப்பது ஸ்க்ரூ ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பழுப்பு நிற செராமிக் கெபாசிட்டரை. பெட்டியில் ஸ்க்ரூவை இறுக்கித் தள்ளும்போது போர்டு வளையும். வளைந்தால் அது உள்ளே விரிசல் விட்டு ஷார்ட் ஆகும். வெளியே ஒன்றும் தெரியாது, மீட்டர்தான் காட்டிக்கொடுக்கும். அதன் மேல் மதிப்பும் அச்சடித்திருக்காது. ரெசிஸ்டரிலாவது 472 என்றிருந்தால் 4.7 கிலோ ஓம் என்று படித்துக்கொள்ளலாம்.

இன்னொரு எதிரி பல்லி. ஐ.சி. கால்களுக்கு நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கே பல்லி எச்சம் விழுந்து, மார்கழிப் பனியும் சேர்ந்தால் கரண்ட் கசியும், போர்டில் ஓடும் செம்புக் கோடான டிராக் பச்சை பூத்து அரிக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் வைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, அக்ரிலிக் கோட்டிங் அடித்தால் தாங்கும். டெர்மினலையும் ரிலேயையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலர் போயிருந்தால் போர்டை மாற்றத்தான் வேண்டும். கடையில் அதே நம்பர் சிப் கிடைக்கும், ஆனால் உள்ளே கம்பெனி ஏற்றிய புரோகிராம் இருக்காது.

புது போர்டு மாட்டினாலும் சரி, பழையதை மாட்டினாலும் சரி, பெட்டிக்கு அடியில் கேபிள் நுழைகிற ஓட்டைக்கு கிளாண்ட் போட்டு அடைத்துவிடுங்கள். பல்லி அதிகம் ஏறி வருவது அந்த வழியாகத்தான்.